வலுவூட்டல் கற்றலும் கல்வி ஆய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலுவூட்டல் கற்றல், அதாவது ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் பற்றிக் கல்வியியல் மாணவர்களும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்கு வரும் இடங்களில் எண்களைப் போட்டே காட்டியிருக்கிறேன். கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

வலுவூட்டல் கற்றல் என்றால் என்ன?

செய்து பார்ப்பது, விளைவைக் கவனிப்பது, அடுத்த முறை அதற்கேற்ப மாற்றிக்கொள்வது. சைக்கிள் பழகும் குழந்தைக்கு நொடிக்கு நொடி ஹேண்டிலை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. விழுந்தால் வலிக்கிறது, விழாவிட்டால் வண்டி போகிறது. இந்த இரண்டு செய்தியை வைத்துக்கொண்டே உடம்பு பழகிவிடுகிறது.

மெஷின் லேர்னிங்கில் நாம் அதிகம் கேள்விப்படும் வகை வேறு. அங்கே "இது பூனை", "இது நாய்" என்று விடை எழுதிய படங்களை லட்சக்கணக்கில் கொடுத்துப் பழக்குவார்கள். இங்கே விடைத்தாள் கிடையாது. செய்த காரியத்துக்கு ஒரு எண் மட்டும் மதிப்பெண் போல வந்து சேரும், அதுவும் பல நேரம் தாமதமாக.

இத்துறையில் புழங்கும் சொற்கள் சிலதான். முடிவெடுக்கும் நிரல் 'முகவர்'. அது இயங்கும் இடம் 'சூழல்'. இப்போது விஷயம் எப்படி இருக்கிறது என்பது 'நிலை', செய்யக்கூடியது 'செயல்', பதிலுக்கு வரும் எண் 'வெகுமதி'. எந்த நிலையில் எந்தச் செயல் என்று முகவர் வைத்திருக்கும் வழிமுறைக்கு 'உத்தி' என்று பெயர். பள்ளிக் கணக்குச் செயலி ஒன்றை எடுத்துக்கொண்டால் செயலிதான் முகவர், மாணவர் சூழல். இதைக் கேட்டதும் பலர் நெற்றியைச் சுருக்குகிறார்கள். மாணவரைச் 'சூழல்' என்று அழைப்பது எனக்கும் உறுத்தும். கற்பவர் மாணவர்தானே? ஆனால் இந்தக் கட்டமைப்பில் கற்றுக்கொள்வது செயலி. எப்படிக் கற்பிப்பது என்பதை அது கற்கிறது.

'வலுவூட்டல்' உளவியல் சொல் அல்லவா?

ஆமாம், அங்கிருந்து வந்ததுதான். எட்வர்ட் தார்ன்டைக் 1898-ல் பூனைகளைப் புதிர்ப்பெட்டிக்குள் அடைத்துப் பார்த்தார். பூனை பிராண்டும், கடிக்கும், எப்படியோ தாழ்ப்பாளைத் தட்டிவிட்டு வெளியே வரும். மறுபடி அடைத்தால் கொஞ்சம் சீக்கிரம் வரும். நல்ல விளைவு தந்த செயல் மீண்டும் நடக்க வாய்ப்பு கூடும் என்ற அவருடைய விதி இன்றைய நிரல்கள் வரை நீள்கிறது. பி. எஃப். ஸ்கின்னர் 1950-களில் கற்பிக்கும் இயந்திரங்களையே செய்தார். ஆகவே இந்தத் துறைக்கும் வகுப்பறைக்கும் உறவு கணினிக்கு முன்பே தொடங்கிவிட்டது.

இன்னொரு வேர் கணிதம். 1950-களில் ரிச்சர்ட் பெல்மன், ஒன்றன்பின் ஒன்றாக எடுக்க வேண்டிய முடிவுகளை எப்படிச் சிறப்பாக எடுப்பது என்ற கேள்விக்குச் சமன்பாடு தந்தார். இரண்டு வேர்களையும் இணைத்தவர்கள் ஆண்ட்ரூ பார்ட்டோவும் ரிச்சர்ட் சட்டனும். கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது 2024-ஆம் ஆண்டுக்கு அவர்களுக்கு வழங்கப்பட்டது.

உள்ளே என்ன கணக்கு நடக்கிறது?

ஒரு மாணவி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறாள். தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிவிட்டாள். செயலிக்கு முன் மூன்று வழிகள்: ஒரு குறிப்புக் கொடுக்கலாம், இதே மாதிரி ஒரு கணக்கை முழுதாகச் செய்து காட்டலாம், அல்லது இன்னொரு கணக்கைக் கொடுத்து மறுபடி முயலச் சொல்லலாம்.

இந்த நிலைக்குச் செயலி தன் பட்டியலில் மூன்று மதிப்புகளை வைத்திருக்கிறது என்று கொள்வோம். குறிப்பு 0.40, செய்துகாட்டல் 0.50, மறுமுயற்சி 0.20. இம்முறை குறிப்பைத் தேர்ந்தெடுக்கிறது. பிறகு வரும் தேர்வில் மாணவி சரியாகச் செய்தால் வெகுமதி 1. எதிர்பார்த்தது 0.40, கிடைத்தது 1, இடைவெளி 0.60. அந்த இடைவெளியில் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துப் பழைய மதிப்பில் சேர்த்தால் 0.46. மாணவி தவறியிருந்தால் வெகுமதி 0, மதிப்பு 0.36 ஆகக் குறைந்திருக்கும். ஒரே அனுபவத்தை வைத்து மனத்தை முழுதாக மாற்றிக்கொள்ளாமல், பத்தில் ஒரு பங்கு மட்டும் நகர்வதுதான் நுட்பம். அந்த மாணவி அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில்கூட இருந்திருக்கலாம் அல்லவா?

ஆனால் தேர்வு அடுத்த வாரம்தான் என்றால் செயலி அதுவரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். 1988-ல் சட்டன் எழுதிய வழியும் 1989-ல் கிறிஸ் வாட்கின்ஸ் தந்த க்யூ-லேர்னிங்கும் இதற்குத்தான் உதவுகின்றன. குறிப்பைப் படித்ததும் மாணவி "பொது பகுதி வேண்டும் என்று புரிந்துவிட்டது" என்ற நிலைக்கு வருகிறாள். அங்கே இருக்கும் சிறந்த செயலின் மதிப்பு 0.70 என்று பட்டியலில் இருக்கிறது. எதிர்காலத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து 0.9-ஆல் பெருக்கினால் 0.63. இப்போது இடைவெளி 0.63 − 0.40 = 0.23. பத்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் 0.423. அதாவது, கடைசி விடை தெரியும் முன்பே அடுத்த படியின் மதிப்பைக் கடன் வாங்கி இந்தப் படியைத் திருத்திக்கொள்கிறது. தேர்வில் வந்த நற்செய்தி இப்படிப் படிப்படியாகப் பின்னோக்கிக் கசிந்து, முதல் குறிப்பு வரை வந்து சேரும்.

அந்த 'இடைவெளி' கணிதக் கற்பனையோடு நிற்கவில்லை. வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மான்டேகு மூவரும் 1997-ல் எழுதிய கட்டுரை, குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் ஏறக்குறைய இதே போல நடந்துகொள்வதைக் காட்டியது. எதிர்பாராத பரிசு வந்தால் அவை துடிக்கின்றன. எதிர்பார்த்த பரிசு வந்தால் சும்மா இருக்கின்றன. எதிர்பார்த்தது வராவிட்டால் துடிப்பு குறைகிறது. இதை முதலில் படித்த நாளை நான் மறக்கவில்லை. விலங்குகளிடமிருந்து கிளம்பிய ஒரு யோசனை, கணிதம் வழியாகச் சுற்றி மறுபடி மூளைக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

தெரிந்ததையே செய்வதா, புதிதைத் தேடுவதா?

மேலே செய்துகாட்டல் 0.50 என்று இருந்தும் செயலி ஏன் குறிப்பைத் தேர்ந்தெடுத்தது? எப்போதும் முதலிடத்தில் இருப்பதையே பிடித்துக்கொண்டால், மற்றது உண்மையில் மேலானதா என்று ஒருநாளும் தெரியாது. அதனால் அவ்வப்போது வேறு வழியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். எவ்வளவு தொட்டுப் பார்ப்பது என்ற கேள்வி பழையது. வில்லியம் தாம்ப்ஸன் 1933-லேயே இரண்டு சிகிச்சைகளில் எது நல்லது என்று தேடும்போது நோயாளிகளை எப்படிப் பிரித்தனுப்புவது என்று எழுதியிருக்கிறார். அவர் சொன்ன முறை இன்றும் கல்விச் செயலிகளில் ஓடுகிறது.

விளையாட்டில் தேடலுக்குச் செலவு இல்லை. 2016-ல் 'கோ' என்ற பலகை விளையாட்டின் வீரர் லீ செடோலை 4-1 என்று வென்ற ஆல்ஃபாகோ நிரல் தன்னோடு தானே லட்சக்கணக்கான ஆட்டங்கள் ஆடிப் பழகியது. அடாரி வீடியோ விளையாட்டுகளைக் கற்ற நிரல், ஒவ்வொரு விளையாட்டிலும் சுமார் 38 நாள் ஆடிய அனுபவத்தைச் சேர்த்துக்கொண்டது. தோற்ற ஆட்டங்களுக்காக யாரும் வருந்தவில்லை. வகுப்பறையில் ஒவ்வொரு தேடலும் ஒரு குழந்தையின் அரைமணி நேரம். செயலி "பார்க்கலாமே" என்று கொடுக்கும் பொருத்தமில்லாத கணக்கு, அந்தக் குழந்தைக்கு "எனக்குக் கணக்கு வராது" என்ற முடிவாகப் போய்விடலாம். ஆகவே கல்வியில் தேடலுக்கு வேலி வேண்டும். நல்ல ஆசிரியர் எவரும் செய்யத் தயங்கும் செயலை முகவரின் பட்டியலிலேயே வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கல்வி ஆய்வில் இது எப்போது நுழைந்தது?

எனக்குப் பிடித்த தொடக்கம் ரிச்சர்ட் அட்கின்ஸன் 1972-ல் வெளியிட்ட சோதனை. கல்லூரி மாணவர்களுக்கு 84 ஜெர்மன் சொற்களுக்கு ஆங்கிலப் பொருள் கற்பிக்க வேண்டும். எந்தச் சொல்லை எப்போது காட்டுவது? ஒரு குழுவுக்கு ஏனோதானோவென்று ஏதோ ஒரு வரிசையில் காட்டினார்கள். இன்னொரு குழு தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது. மற்றொரு குழுவுக்குக் கணினி தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு சொல்லும் அந்த மாணவரிடம் 'தெரியாது', 'தற்காலிகமாகத் தெரியும்', 'நிலையாகத் தெரியும்' ஆகிய மூன்றில் எந்த நிலையில் இருக்கிறது என்று கணக்கிட்டு, இப்போது காட்டினால் எது நிலைபெற அதிக வாய்ப்பு என்று பார்த்தது அது.

ஒரு வாரம் கழித்துத் தேர்வு. ஏதோ வரிசையில் படித்தவர்கள் 38 விழுக்காடு, தாமே தேர்ந்தெடுத்தவர்கள் 58, ஒவ்வொரு சொல்லின் கடினத்தையும் தனித்தனியே கணக்கில் எடுத்த கணினி உத்தியில் படித்தவர்கள் 79.

இந்த எண்களைவிட அந்த 'ஒரு வாரம் கழித்து' என்பதுதான் முக்கியம். பயிற்சி நடக்கும்போதே எத்தனை சரி என்று எண்ணி மகிழ்ந்துவிட்டு அவர்கள் எழுந்து போகவில்லை. சொல் மனத்தில் தங்கியதா என்று பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு என்னென்ன செய்திருக்கிறார்கள்?

மின் சி, கர்ட் வான்லேன் முதலியோர் கார்டில்லெரா என்ற இயற்பியல் பயிற்றுநிரலை வைத்துச் செய்த ஆய்வைச் சொல்வேன். ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தடுமாற்றம் அதன் மையம். அடுத்த படியை நானே சொல்லிவிடுவதா, மாணவரிடம் கேட்பதா? சொன்னால் வேகமாகப் போகும், கேட்டால் யோசிப்பார். ஒரு பாடத்தில் இப்படி நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன முடிவுகள் வரும். பழைய உரையாடல் பதிவுகளிலிருந்து நிரல் ஓர் உத்தியைக் கற்றது. முதல் முயற்சியில் கிடைத்த உத்தி, கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பதைவிடச் சொல்லும்படி மேலாக இல்லை. மாணவர் நிலையை விவரிக்கும் விதத்தையும் வெகுமதியையும் மாற்றி அமைத்த பிறகே முன்னேற்றம் வந்தது. 2011-ல் அது வெளியானது. இதில் முதல் தோல்வியையும் சேர்த்து எழுதியதற்காகவே அந்த ஆய்வாளர்களை மதிக்கிறேன்.

பிரான்ஸில் 7, 8 வயதுக் குழந்தைகளுக்குப் பணத்தைக் கூட்டிக் கொடுக்கும் கணக்குகளைக் கற்பிக்க, எந்தக் கணக்கு அந்தக் குழந்தைக்கு இப்போது அதிக முன்னேற்றம் தருகிறதோ அதையே தேர்ந்தெடுக்கும் முறையைச் செய்து பார்த்தார்கள். இதை பேண்டிட் முறை என்பார்கள்; நிலைகளின் நீண்ட சங்கிலி இல்லாத எளிய வலுவூட்டல் கற்றல். பின்னம் கற்பிக்கும் ரிஃப்ராக்‌ஷன் என்ற கணினி விளையாட்டில் அடுத்த கட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும் இத்துறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சொற்களை எத்தனை நாள் இடைவெளியில் திருப்பிக் காட்டுவது என்பது தனி ஓடை; அட்கின்ஸன் போட்ட பாதைதான் அது.

மாணவர் மனத்தில் இருப்பது செயலிக்கு எப்படித் தெரியும்?

நேரடியாகத் தெரியாது. சதுரங்கப் பலகையைப் பார்த்தால் காய் எங்கே இருக்கிறது என்று தெரியும். புரிதலை அப்படிப் பார்க்க முடியாது. விடைகளை வைத்து ஊகிக்க வேண்டும். ஆல்பர்ட் கார்பெட்டும் ஜான் ஆண்டர்சனும் 1990-களில் கொடுத்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நான்கே எண்கள்: முன்பே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒரு முயற்சியில் கற்றுவிடும் வாய்ப்பு, தெரியாமலே குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லும் வாய்ப்பு, தெரிந்தும் கவனம் பிசகித் தவறும் வாய்ப்பு.

தெரிந்திருக்க வாய்ப்பு 0.5, குருட்டாம்போக்கு 0.2, கவனப்பிசகு 0.1 என்று வைப்போம். மாணவர் சரியாகச் சொல்கிறார். தெரிந்து சொன்ன பங்கு 0.5 × 0.9 = 0.45. தெரியாமல் சொன்ன பங்கு 0.5 × 0.2 = 0.10. ஆகவே தெரிந்திருக்கும் வாய்ப்பு 0.45-ஐ 0.55-ஆல் வகுத்தால் சுமார் 0.82. ஒரு சரியான விடை ஐயத்தைக் குறைக்கிறது, முழுதாகப் போக்குவதில்லை. முகவர் இந்த 0.82-ஐயே தன் 'நிலை' ஆக வைத்துக்கொண்டு முடிவெடுக்கும்.

வெகுமதியை எப்படித் தீர்மானிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முகவர் நாம் விரும்பியதைச் செய்யாது, எண்ணியதைச் செய்யும்; 'எண்ணியது' என்றால் இங்கே எண்ணிக்கை போட்டது. 2016-ல் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள் ஒரு படகுப் பந்தய விளையாட்டை நிரலுக்குப் பழக்கினார்கள். வெகுமதி, வழியில் கிடைக்கும் புள்ளிகள். படகு பந்தயத்தை முடிக்கவே இல்லை. ஒரு குளம் போன்ற இடத்தில் வட்டமடித்து, திரும்பத் திரும்ப முளைக்கும் மூன்று இலக்குகளை இடித்துக்கொண்டே புள்ளி சேர்த்தது. தீப்பிடித்து எரிந்தபடியே சேர்த்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

நானும் ஒருமுறை கணினியில் கற்பனை மாணவர்களை உருவாக்கி, கணக்குக் கொடுக்கும் முகவரைப் பழக்கினேன். சரியான விடைக்கு 1, தவறுக்கு 0 என்று வெகுமதி வைத்தேன். மூன்றாயிரம் சுற்றுகள் ஓடிய பின் வரைபடம் அழகாக மேலே ஏறியிருந்தது. கொடுத்த கணக்குகளைத் திறந்து பார்த்தேன். 2 + 3. 4 + 1. 3 + 3. பக்கம் பக்கமாக ஓரிலக்கக் கூட்டல். மாணவர் கற்றது ஒன்றுமில்லை. தவறே செய்ய முடியாத கணக்கைக் கொடுத்துக்கொண்டே இருக்க முகவர் கற்றுவிட்டது. உண்மையான குழந்தைகள் யாரும் அதன் முன் உட்கார்ந்திருக்கவில்லை என்பது எனக்கு அன்று பெரிய ஆறுதல்.

திரையில் இருந்த நேரத்தை வெகுமதியாக வைத்தால் விடாமல் உட்கார வைக்கக் கற்கும். பாடம் முடித்த வேகத்தை வைத்தால் விடையை ஊட்டிவிடக் கற்கும். முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் உள்ள வித்தியாசத்தை வைப்பது எவ்வளவோ மேல். ஆனால் பின்தேர்வு உடனே நடந்தால், அன்று மாலை மறந்துபோகும் கல்வியையும் அது வெற்றியாகக் கொள்ளும். உளவியலாளர் ராபர்ட் பியார்க் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான்: பயிற்சியின்போது தடுமாற வைக்கும் முறைகள் சில, நாள் கழித்துப் பார்த்தால் நன்றாகத் தங்குகின்றன. பயிற்சியில் வரும் சரி-தவறை மட்டும் பார்க்கும் முகவர் அந்த நல்ல தடுமாற்றங்களை ஒவ்வொன்றாக வெட்டி எறிந்துவிடும்.

குழந்தைகளிடம் காட்டாமல் புதிய உத்தியைச் சோதிக்க முடியாதா?

ஓரளவு முடியும். பழைய உத்தியில் சேர்ந்த பதிவுகளை எடுத்து, புதிய உத்தி செய்திருக்கக்கூடியதோடு பொருந்தும் பாதைகளுக்கு அதிக எடை கொடுத்துக் கணக்கிடலாம். பழைய உத்தி நான்கு முறைக்கு ஒருமுறை குறிப்புத் தந்தது, புதியது எப்போதும் தரும் என்றால், குறிப்புத் தந்த பதிவுக்கு எடை 4. சிக்கல் நீண்ட பாடங்களில் வருகிறது. பத்துப் படி தொடர்ந்தால் எடை நான்கைப் பத்து முறை பெருக்கியது, அதாவது 10,48,576. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட எடையுடன் ஒரே ஒரு மாணவரின் பதிவு முழு முடிவையும் இழுத்துக்கொண்டு போய்விடும். இதைச் சமாளிக்க வழிகள் உண்டு, எதுவும் இலவசமல்ல. கற்பனை மாணவர்களை வைத்துச் சோதிக்கலாம் என்றால், அந்தக் கற்பனை எவ்வளவு சரியோ அவ்வளவுதான் முடிவும் சரி.

இதனால் உண்மையில் பலன் உண்டா?

ஷாயன் டொரூடி, வின்சென்ட் ஆலெவன், எம்மா பிரன்ஸ்கில் மூவரும் 2019-ல், அதுவரை நடந்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் வலுவூட்டல் கற்றல் தந்த வரிசை ஒப்பீட்டு முறையைவிட மேலாக இருந்தது. நினைவு, மறதி பற்றிய உளவியல் அறிவோடு கட்டப்பட்டவையே அதிகம் வென்றன; தரவை மட்டும் நம்பியவை தடுமாறின.

ஒரு ஆய்வுக்கட்டுரையைக் கையில் எடுத்தால் முதலில் எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். கண்ணை மூடி எடுத்த வரிசையைத் தோற்கடிப்பது சுலபம். அனுபவமுள்ள ஆசிரியர் யோசித்து அடுக்கிய வரிசையைத் தோற்கடிப்பது கடினம்.

பேண்டிட் முறையிலேயே கல்விச் சோதனை நடத்தலாமா?

நடத்துகிறார்கள். நன்றாக வேலை செய்யும் விளக்கம் போகப்போக அதிக மாணவர்களுக்குப் போகும் என்பதால் நியாயமாகவும் தோன்றும். ஆனால் மோசமானதாகத் தோன்றிய பக்கத்தில் ஆட்கள் குறைந்துபோவதால், வழக்கமான புள்ளியியல் சோதனையை அப்படியே போட்டால் இல்லாத வித்தியாசம் இருப்பது போலக் காட்டும் ஆபத்து கூடும். பகுப்பாய்வை முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

சாட்பாட்களும் இப்படித்தான் பழகுகின்றனவா?

ஒரு பகுதி இப்படித்தான். இரண்டு பதில்களைக் காட்டி எது மேல் என்று மனிதர்களிடம் கேட்டு, அந்தத் தேர்வையே வெகுமதியாக மாற்றுகிறார்கள். படிக்க இதமான பதிலும் கற்பிக்கும் பதிலும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. விடையை உடனே தந்துவிடும் பதிலை மனிதர்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பார்கள். பயிற்றுநராக அதைப் பயன்படுத்தும்போது இதை மனத்தில் வையுங்கள்.

ஆசிரியருக்கு இதில் என்ன இடம்?

1/2 + 1/3 = 2/5 என்று எழுதுவது கவனக்குறைவா, புரிதல் பிழையா என்று முகவருக்குச் சொல்லித் தருவது ஆசிரியர்தான். நிலைகளின் பெயர்ப்பட்டியல், செய்யலாம்-செய்யக்கூடாது என்ற வேலி, எதை வெற்றி என்று எண்ணுவது, இந்த மூன்றும் ஆசிரியரிடமிருந்து வர வேண்டும். பொறியாளர் மட்டும் உட்கார்ந்து எழுதிய பட்டியல்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் 'சலிப்பு' என்ற நிலையே இருக்காது.

நான் தொடங்க விரும்புகிறேன். எங்கிருந்து?

இரண்டு விளக்கங்களில் எது மேல் என்று தேடும் சிறிய பேண்டிட் நிரலைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். பிறகு மேலே காட்டிய பட்டியல் முறையை நான்கைந்து நிலைகளோடு செய்யுங்கள். சட்டன், பார்ட்டோ பாடநூலின் 2018 பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

நிரலைத் தொடும் முன் ஒரு தாளை எடுத்து வெகுமதியை ஒரே வரியில் எழுதுங்கள். அடியில், கற்பிக்காமலே அந்த வெகுமதியை அள்ள முகவருக்கு இருக்கும் மூன்று குறுக்குவழிகளை எழுதுங்கள். அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரிடம் தாளைக் கொடுத்தால் நான்காவதை அவர் எழுதித் தருவார்.